இடது பக்க மடிப்பு

டோக்கன் நாற்பத்தேழு. உள்ளே போயிருப்பது முப்பத்தொன்று. ஆளுக்கு எட்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்த இரும்பு பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மயூரி கணக்குப் போட்டாள், போட்ட சூட்டிலேயே கணக்கு தப்பிப்போனது, ஏனென்றால் முப்பத்தொன்று ஐந்தே நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. அப்படியானால் எட்டு இல்லை, ஆறு. இல்லை, ஒருத்தரை வைத்து எப்படிச் சொல்வது, இன்னும் மூன்று பேர் போகட்டும். கணக்கு என்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். அந்தியூரிலிருந்து அப்பாவும் அவளும் ரயிலேறிச் சென்னைக்கு வந்ததே ஒரு கணக்குக்காகத்தான். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டு அவளுடைய இடது காலைப் பார்த்து ஒரு சதவீதம் போடுவார்கள். நாற்பதோ அதற்கு மேலோ போட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான எம்.பி.பி.எஸ். இடத்துக்கு அவள் கொடுத்த விண்ணப்பம் நிற்கும், அவள் மார்க்குக்கு அந்த வரிசையில் இடம் கிட்டத்தட்ட உறுதி. முப்பத்தொன்பது போட்டால் போச்சு, அவளும் மற்ற எல்லாரையும் போல நல்ல கால்காரி. பதினெட்டு வருஷமாக நல்ல கால்காரி என்று பேர் வாங்கத்தான் அவள் பாடுபட்டாள், இன்றைக்கு ஒரு நாள் அந்தப் பேர் வரக் கூடாது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? பக்கத்தில் அப்பா சென்னியப்பன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எத்தனை கதவுகள் இருக்கின்றன பாருங்கள், ஒரே பெண்ணுக்கு, ஒரே மார்க்குக்கு. இது அவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு வேடிக்கையாகிவிட்டது. அந்தியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் அக்கா, நீட் மார்க் வந்த மறுநாள், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டாள். பொதுக் கலந்தாய்வா, டிக் பண்ணிட்டேன், ஆனா இந்த மார்க்குக்கு அங்க வர்றது கஷ்டம் கண்ணு. மேனேஜ்மென்ட் கோட்டாவா, அது நமக்கெதுக்கு. வெளிநாடா, ஒரு ஏஜென்ட் நோட்டீஸ் கொடுத்துட்டுப் போயிருக்கார் பாரு, பனி எல்லாம் கொட்டிக் கிடக்குது. அந்த நோட்டீஸில் தலைக்குக் குல்லா போட்ட நம்மூர்ப் பெண்கள் பனியில் நின்று சிரித்தார்கள், மயூரிக்கு உடனே தோன்றியது பனியில் கால் எவ்வளவு ஆழம் புதையும், ஒரு கால் எச்சாகவும் ஒரு கால் கம்மியாகவும் புதையுமா, அல்லது கம்மியான காலுக்கு அங்கே வசதியா என்பதுதான். அப்புறம் ஏழரை சதவீதம். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு. அக்கா கையைத் தட்டிக்கொண்டு, இது உனக்கு அப்படியே பொருந்துதே என்றாள். பொருந்தவில்லை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வருஷமும் மயூரி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. உதவி பெறுவது வேறாம், அரசு என்பது வேறாம். அரசுப் பள்ளி பவானி ரோட்டைத் தாண்டி இருந்தது, லாரி போகும் ரோடு, உதவி பெறும் பள்ளி அப்பாவின் தையல் கடையிலிருந்து இரண்டு வீடு தள்ளி. "ரோட்டத் தாண்டி எதுக்கு, பக்கத்துலயே இருக்குதே" என்று அன்றைக்கு அப்பா சொன்ன ஒற்றை வாக்கியம் ஏழு வருஷம் கழித்து ஒரு கதவைச் சாத்திவிட்டது. சாத்தியது அப்பாவா, காலா? கால்தான். கால் இல்லாவிட்டால் அப்பா ரோட்டுக்குப் பயந்திருப்பாரா? அந்தக் கதவைச் சாத்திய அதே கால்தான் இந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மயூரி, இந்தச் சிறப்புப் பிரிவு... போடலாமா?" என்றாள், அவளையல்ல, அப்பாவைப் பார்த்து. அப்பா கடை ஷட்டரை இழுத்துவிட்டு வந்தேனா என்று ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேன் என்று எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது, வந்து, "போடுங்க" என்றார்.

முப்பத்திரண்டு உள்ளே போகிறது. ஊன்றுகோல். அடுத்தது முழங்காலைக் கையால் தாங்கிக்கொண்டு நடக்கும் ஒரு அண்ணன், அவர் ஒவ்வோர் எட்டுக்கும் தொடையில் கை வைத்து அழுத்துகிறார், ஏன் என்றால் தொடை முன்பக்கத் தசை பிடிக்கவில்லை, முழங்கால் மடங்கிவிடாமல் கை பூட்டுப் போடுகிறது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் கிடையாது, அவளே செல்போனில் தேடித் தேடிப் படித்தது. அவளுடைய நடைக்கும் ஒரு பெயர் இருந்தது. ட்ரெண்டலன்பர்க். ஒரு ஜெர்மன்காரர். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பை மட்டமாகப் பிடித்து நிறுத்த வேண்டிய தசைக்குப் பிடிமானம் இல்லாமல் போனால் உடம்பு ஒரு பக்கம் சாயும், அதை அவர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். அடேயப்பா! அந்தியூர்த் தெருவில் மயூரி நொண்டி, புத்தகத்தில் மயூரி ட்ரெண்டலன்பர்க். அன்றைக்கு முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். எல்லாம் ஆரம்பித்தது பதினோரு வயதில், ஈரோட்டில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியபோது. வலது பக்கம் தொடை எலும்பின் தலையில் ஓர் உருண்டை, குழியில் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் குழி இருந்தது, உருண்டை இல்லை. "அந்த உருண்டை எங்கீங்க டாக்டர் போச்சு?" என்று கேட்டாள். பிறந்த இருபதாம் நாள் மூட்டில் சீழ் கட்டியதில் போய்விட்டது என்றார் டாக்டர். போய்விட்டது சரி, எங்கே போனது? கரைந்ததா, ரத்தத்தோடு கலந்ததா, சுண்ணாம்பு முழுக்க உடம்பில் வேறெங்காவது போய் ஒட்டிக்கொண்டதா? டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் அவள் டாக்டராகப் போகிறாள் என்று வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்று சொல்லத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சேவையும் செய்யலாம். முதலில் உருண்டை எங்கே போச்சு?

அதைவிடப் பெரிய வேடிக்கை இந்தச் சதவீதக் கணக்கு. மூட்டு எவ்வளவு அசைகிறது என்று ஒரு எண், கால் எவ்வளவு நிலைத்து நிற்கிறது, எத்தனை சென்டி கம்மி என்று ஒரு எண், இரண்டையும் சேர்க்க வேண்டும். அவளே குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தாள், இருபத்தைந்தும் இருபதும். நாற்பத்தைந்து, தப்பித்தோம் என்று குதித்தாள், அப்புறம்தான் தெரிந்தது உடம்புக் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை என்று. பெரிய எண்ணைத் தொண்ணூறில் கழிக்க வேண்டும், வருவதைச் சின்ன எண்ணால் பெருக்க வேண்டும், மறுபடி தொண்ணூறால் வகுத்துப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். அறுபத்தைந்து இருபது ஆயிரத்து முந்நூறு, வகுத்தால் பதினான்கு புள்ளி நான்கு, ஆக முப்பத்தொன்பது புள்ளி நான்கு. நாற்பதுக்கு அரைக்கும் கொஞ்சம் மேலே குறைகிறது! மாவட்ட முகாமில் ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நாற்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் படிப்புக்கு அது செல்லாது, இங்கே இந்தக் குழு புதிதாக அளந்து போடுவதுதான் கணக்கு. முப்பத்தொன்பது புள்ளி நான்கு. அந்தப் புள்ளி நான்கை நாற்பதாக்குவார்களா, முப்பத்தொன்பதாக்குவார்களா? கால் எத்தனை மில்லி கூடக் கம்மியாக இருந்திருந்தால் நாற்பது வந்திருக்கும்? சீழ் இன்னும் ஒரு நாள் கூடுதலாக இருந்திருந்தால்? சே, என்ன நினைப்பு இது. ஆனாலும் நினைப்பு அங்கேயே போய் நின்றது.

"ஒனக்கு எத்தன வரும்?" என்று குரல் கேட்டுத் திரும்பினாள். பெஞ்சின் மறு கோடியில் இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை மாட்டிய ஒரு பெண், நாகர்கோவில் பக்கம், மெர்லின் என்று டோக்கன் சீட்டில் எழுதியிருந்தது. நம்பர் நாற்பது. "தெரியலைங்க" என்றாள் மயூரி. "என்னப் போயி ங்க போடுதியே, நானும் ஒன் வயசுதான்" என்று சிரித்தாள் மெர்லின். "எனக்குப் போன வருஷம் எண்பத்திரண்டு போட்டுட்டாவ. எண்பதுக்கு மேல போச்சுன்னா டாக்டர் வேலைக்கு ஏலாதுன்னு திருப்பி அனுப்பிட்டாவ. ஒரு வருஷமா எக்ஸர்சைஸ் பண்ணிட்டு வந்திருக்கேன், எப்படியாச்சும் கொறைக்கணும்." மயூரி வாயைப் பிளந்தாள். அவளுக்கு எட்டாத நாற்பதைப் போல இரண்டு மடங்கு இருந்தும் ஒருத்திக்கு இடமில்லையா? அப்படியானால் கதவின் அகலம் நாற்பதிலிருந்து எண்பது வரை, அதற்குள் உடம்பைப் பொருத்திக் காட்ட வேண்டும். டாக்டராக முடியாத அளவுக்கு மோசமாகவும் இருக்கக் கூடாது, சிறப்புப் பிரிவே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நன்றாகவும் இருக்கக் கூடாது. மெர்லின் பட்டையைத் தட்டிக்கொண்டே, "நீ கூட்டணும், நான் கொறைக்கணும். ஆளுக்குப் பாதி மாத்திக்கிட்டா செரியாப் போச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அப்பா மட்டும் திரும்பவில்லை, துணிப்பையின் வாயை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது, அம்மா. மில்லில் டீ நேரத்தில் கூப்பிடுகிறாள், பின்னால் மெஷின் சத்தம். "கூப்பிட்டாங்களா? இன்னும் இல்லியா? இதக் கேளு சாமி, டாக்டரு நடக்கச் சொன்னாருன்னா சித்தெ எச்சாவே நொண்டிக் காட்டு. ஒண்ணும் தப்பில்ல." மயூரி சட்டென்று அப்பா பக்கம் பார்த்தாள், கேட்டிருக்குமா, கேட்டிருக்கும், அம்மாவின் குரல் அப்படி. "செரீங்மா" என்று வைத்துவிட்டாள். எச்சாவே நொண்டு. எதைவிட எச்சாக? அங்கேதான் நினைப்பு முள்ளில் துணி மாட்டினாற்போல் மாட்டிக்கொண்டது. தன்னுடைய நடை எது? பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை உண்டு, சின்னச் சின்ன எட்டு, சுவர் ஓரமாக, இடது கையில் புத்தகப் பை, ஏனென்றால் இடது கையில் கனம் இருந்தால் இடது பக்கம் சாய்வதற்குப் பைதான் காரணம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டுக்கு ஒரு நடை உண்டு, யாராவது சித்தி அத்தை தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பாசம் போலவும் இருக்கும், பிடிமானமும் ஆச்சு. வீட்டுக்குள் ஒரு நடை, அதுதான் உண்மையானதா? இல்லை, வீட்டுக்குள்ளேயும் அப்பா எதிரே வந்தால் இடுப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்வாள். சின்ன வயதில் விழுந்து விழுந்து நடந்தபோதெல்லாம், "நேரா... நேரா... ஆங், அப்படித்தான் கண்ணு, இப்ப ஒண்ணுமே தெரியல" என்று தையல் மெஷினிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வார் அப்பா. அந்த 'ஒண்ணுமே தெரியல' ஒன்றுக்காக அவள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பாள். யாருமே இல்லாதபோது எப்படி நடக்கிறாள் என்று பார்க்கலாம் என்றால், பார்ப்பதற்கு அவள் இருக்கிறாளே, பார்க்க ஆரம்பித்தவுடன் நடை மாறிவிடுகிறது. குழந்தை பிறந்தவுடன் மயில் நடையாக நடக்கட்டும் என்று சென்னிமலை முருகனை நினைத்துப் பேர் வைத்தார்களாம், பேர் வைத்து நாலாம் நாள் சீழ் பிடித்தது. டாக்டர் நட என்றால் எந்த நடையை எடுத்து நடப்பது? பொய்யாக நொண்டுவது தப்பு, அது தெரியும். பொய்யாக நேராக நடப்பது தப்பில்லையா? அதை இத்தனை வருஷமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறாள், யாரும் ஒரு நாளும் கேட்டதில்லையே!

அப்பாவிடம் கேட்கலாமா? அப்பாவிடம் காலைப் பற்றிப் பேசியதே கிடையாது. வீட்டில் அது பேச்சே இல்லை. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் பஸ்ஸில் சலுகை உண்டு என்று ஒன்பதாம் வகுப்பு டீச்சர் சொல்லியனுப்பியபோது, "அதெல்லாம் என்ற பொண்ணுக்குத் தேவைப்படாதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தவர். ஆனால் வாயால் பேசாததை எல்லாம் கத்தரிக்கோலால் பேசினார். அந்தியூரில் சென்னியப்பன் கடைத் துணி என்றால் ஒரு நூல் பிசகாது. அவளுடைய பாவாடையின் இடது பக்கத்தை மட்டும் உயர்த்தி மடித்துத் தைப்பார், சுடிதார் பேண்டின் இடது காலைக் கம்மியாக வெட்டுவார், மேல் சட்டையின் இடது ஓரத்தையும் அதற்கேற்ற மாதிரி தூக்கிவிடுவார். மேசை மேல் விரித்தால் கோணல் மாணலாகக் கிடக்கும் துணி, அவள் போட்டுக்கொண்டு நின்றால் விளிம்பு தரைக்கு மட்டமாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் ஓடும். அளவு நோட்டு ஒன்று வைத்திருப்பார், ஊர் முழுக்க அதில் உண்டு, தோள், மார்பு, இடுப்பு, உயரம். கடையில் எதிர்ப்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி எழுதி மயூரிக்கு அந்த நோட்டைத் தலைகீழாகவே வாசிக்க வந்துவிட்டது. எத்தனையோ தடவை தேடிப் பார்த்திருக்கிறாள், அவள் பெயர் மட்டும் அதில் இல்லை. இடது பக்கம் எத்தனை இன்ச் மடிப்பார் என்று அவளுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அந்த அளவு அப்பாவின் தலைக்குள் இருந்தது, வருஷா வருஷம் அவள் வளர வளர அதுவும் மாறியிருக்கும், அவர் எப்போது அளந்தார் என்றுகூடத் தெரியாது, கண்ணாலேயே அளந்திருப்பார். நடக்கும்போதும் அவளுக்கு இடது பக்கமாகவே வருவார், தெருவுக்கும் அவளுக்கும் நடுவில்.

நாக்கு வறண்டது. "தண்ணி குடிச்சுட்டு வரேங்ப்பா" என்று எழுந்தாள், இரண்டு எட்டு வைத்தாள், இடது காலில் ஏதோ மாட்டித் தடுக்கியது. குனிந்து பார்த்தாள். பேண்டின் விளிம்பு குதிகாலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. காலையில் ஸ்டேஷன் பெண்கள் அறையில் அவசர அவசரமாக மாற்றிக்கொண்ட புது சுடிதார், இளம் பச்சை, அப்பா இந்த வாரம்தான் தைத்து முடித்தது. ஆட்டோ, படி, பெஞ்சு என்று வந்ததில் கவனிக்கவேயில்லை. வலது கால் விளிம்பு கணுக்காலில் ஒழுங்காக நின்றது, இடது கால் தரையைக் கூட்டியது. அப்பா அளவு தப்பிவிட்டாரா? அப்பாவா? பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்தவரின் தோள் அளவைப் பார்த்தவுடன் சொல்லும் மனுஷர் சொந்த மகளுக்குத் தப்புவாரா? தண்ணீர்க் குழாயடியில் நின்று சட்டையைச் சரி செய்வது போல இரண்டு கால் துணியையும் சேர்த்துப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தப்பவில்லை. வேண்டுமென்றேதான் வெட்டியிருக்கிறார்.

அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அம்மா எச்சாவே நொண்டு என்று வாயால் சொன்னாள், அப்பா துணியால் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதானே வித்தியாசம்? மூன்று டாக்டருக்கு முன்னால் மகள் இழுத்துக்கொண்டு போய் நிற்கட்டும் என்று! அப்புறம் கோபம் அதே வேகத்தில் தடுமாறியது. இது நொண்டுவதற்கு வெட்டிய துணி இல்லையே. ஊரில் எல்லாருக்கும் எப்படி வெட்டுவாரோ அப்படி வெட்டியிருக்கிறார், ஏமாற்று வேலை எதுவும் இதில் இல்லை. ஏமாற்று வேலை பழைய துணிகளில்தான் இருந்தது. அப்படியென்றால் இத்தனை வருஷம் போட்டதெல்லாம்? அதுவும் பொய் என்று சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பச்சைத் துணியை மேசையில் விரித்து, கையில் சாக்குக் கட்டியை வைத்துக்கொண்டு, இடது பக்கம் கோடு போடப் போய், போடாமல் நிறுத்தியிருப்பார் அல்லவா, அப்போது என்ன நினைத்திருப்பார்? எவ்வளவு நேரம் நின்றிருப்பார்? ஷட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அந்த இருபது நிமிஷம் போலவா? கேட்க வேண்டும் போலிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள், கேட்கவில்லை. முகத்தைக் கழுவியிருந்ததை அவர் பார்த்தார், அவளும் அவர் பார்த்ததைப் பார்த்தாள். மெர்லின் உள்ளே போய் பதினைந்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, "சாயங்காலந்தான் சர்டிபிகேட்டு தருவாவளாம். நீ பேடிக்காத, உள்ள ஏசி போட்டிருக்காவ" என்று சொல்லிக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் பட்டைகள் கடகடக்கப் போனாள். அப்புறம் நாற்பத்தாறு வரை எப்படிப் போயிற்றென்று மயூரிக்குத் தெரியவில்லை, கணக்கே போடவில்லை.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள், அப்பா கதவோரமாகவே நின்றுகொண்டார். பெரிய டாக்டர் நரைத்த கிராப் வைத்த அம்மாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நடந்து வாம்மா" என்றார். மயூரி நின்றாள். "எந்த நடைங்க மேடம்?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. "ஏன், எத்தனை வச்சிருக்கே?" என்று டாக்டரம்மா சிரித்தார். "நடையைப் பார்த்து நாங்க ஒண்ணும் போட்டுட மாட்டோம். அளந்துதான் போடுவோம். சும்மா வா." சும்மா வா. பழக்கம் விடுமா, சின்ன எட்டு, இடுப்பை இழுத்துப் பிடித்து, பள்ளிக்கூட நடைதான் முதலில் வந்தது. மூன்றாவது எட்டில் இடது விளிம்பை அவளே மிதித்தாள், உடம்பு சாய்ந்தது, இழுத்துப் பிடித்த இடுப்பு விட்டுப்போனது, மிச்ச ஐந்து எட்டையும் அந்தப் பக்கம் விழுந்து இந்தப் பக்கம் எழுந்துதான் நடந்தாள். ஓகோ, இதுவா! இதுதான் என்னுடையதா! எவ்வளவு சுலபமாக இருக்கிறது, வலிக்கவே இல்லையே! படுக்கையில் படுக்கச் சொன்னார்கள். பயிற்சி டாக்டர் ஒரு சின்னப் பெண், இவளைவிட ஆறேழு வயது கூட இருக்கும், இடுப்பை மடக்கி, அகற்றி, கோணமானியை வைத்துப் பார்த்து எண்களைச் சொல்லச் சொல்லப் பெரிய டாக்டர் எழுதிக்கொண்டார். கடைசியில் டேப். இடுப்பு எலும்பின் முனையிலிருந்து உள்கணுக்கால் எலும்பு வரை. வலது பக்கம் துணியைத் தடவி எலும்பைப் பிடித்தாள், எண்பத்திநாலு. இடது பக்கம் சுருண்டு கிடந்த துணி மேலேயே தடவி, எண்பதரை என்றாள். மூன்றரை சென்டி வித்தியாசம் என்று பெரிய டாக்டர் எழுதப் போனார்.

"இல்லீங்க" என்று ஒரு குரல் கேட்டது. கதவோரத்திலிருந்து. அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தார், எப்படி வந்தோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி நின்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். மூணரை இல்லீங்க. அஞ்சு. ரெண்டு இன்ச்சுங்க." பயிற்சி டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க டாக்டரா?" "டெய்லருங்க. அந்தப் பக்கம் துணி சுருண்டு கெடக்குதுங்க, நீங்க எலும்புன்னு பிடிச்சது மடிப்புங்க. நான்தானுங்க துணிய எச்சா உட்டுட்டேன். என்ற தப்புதானுங்க." துணிப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டார். "பிறந்ததுல இருந்து அளந்துட்டு வரேனுங்க. அஞ்சாவது படிக்கறப்ப ஒண்ணேகால் இன்ச்சு, வயசுக்கு வந்தப்ப ஒண்ணே முக்கால், இந்த ரெண்டு வருஷமா ரெண்டு. அதுக்கு மேல வளரலீங்க. ரெண்டு இன்ச்சுங்க மேடம், ஒரு நூலு கொறையாது." மயூரி கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தாள், காதுக்குள் கண்ணீர் இறங்கியது, ஆனால் அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது, இரண்டா, இரண்டு இன்ச்சா, என் கால் இரண்டு இன்ச்சா! பெரிய டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார், அவரே இரண்டு கால் துணியையும் முழங்கால் வரை சுருட்டினார், எலும்பைக் கட்டை விரலால் தேடிப் பிடித்து டேப்பை வைத்தார். எண்பத்திநாலு. எழுபத்தொன்பது. "அஞ்சுதான்" என்றார். பிறகு பயிற்சி டாக்டரிடம், "துணி மேல அளக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? டெய்லர் வந்து சொல்லணுமா?" என்றார், அதில் கோபத்தைவிடச் சிரிப்புதான் இருந்தது.

அவர் மேசைக்குப் போய்க் கூட்டிப் பெருக்கி வகுத்து எழுதும்போது மயூரி எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு சர்டிபிகேட் என்றார்கள். ஆனால் தலைகீழாக வாசிக்கத் தெரிந்தவளுக்கு ஐந்து மணி எதற்கு? கடைசிக் கட்டத்தில், வட்டம் போட்டு, நாற்பத்தொன்று. இன்னொரு தடவை வாசித்தாள், தலைகீழாகப் பார்த்தால் பதினான்காகத் தெரிந்துவிடுமோ என்று பயந்து மூன்றாம் தடவையும் வாசித்தாள். நாற்பத்தொன்றேதான். வராந்தாவுக்கு வந்து செருப்பு மாட்டும் வரை பொறுத்துக்கொண்டு, "நாற்பத்தொண்ணுங்ப்பா" என்றாள். அப்பா தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டேயிருந்தார், தோள் துண்டால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரும் நடந்தார்கள். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் ஆட்கள், அவள் உள்ளே கண்டுபிடித்த நடையிலேயே நடந்தாள், விழுந்து எழுந்து, பச்சைத் துணி தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தாள், அப்பா அவளுக்கு வலது பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"தடுக்குதா கண்ணு?"

"தடுக்குதுங்ப்பா."

"ஊருக்குப் போனதும் மடிச்சுத் தெச்சுடலாம்."

"எவ்வளவுங்ப்பா மடிப்பீங்க?"

எதிரே ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது, ஒதுங்கி வழிவிட்டார். பிறகு, கடைக்கு வந்து நிற்கும் யாருக்கோ பதில் சொல்வது போல, வராந்தாவில் போகிற வருகிறவர் காதில் எல்லாம் விழும்படி, "ரெண்டு இன்ச்சு" என்றார்.